வெர்ஸ்தினோவில் பார்க்க வேண்டியவை

“வெர்ஸ்தினோவைப் பார்க்காதவன் ரஷ்யாவையே பார்க்காதவன்!” என்று சிவசங்கரன் முழங்கியபோது அவர் மீசையில் சாம்பார் ஒட்டியிருந்தது.

ராஜீவ் பயபக்தியோடு குறித்துக்கொண்டான். வளைகுடாவில், தேராவில் ஒரு டிராவல்ஸில் அவனுக்கு வேலை. கம்பெனியின் முதல் ரஷ்யா டூருக்கான திட்டத்தை நாளைக்கு முதலாளி செய்கு முகம்மதுவிடம் நீட்ட வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ஊருக்கு டிக்கெட். பக்கத்து அல் குசைஸ் வட்டாரத் தமிழர்களுக்கு ரஷ்யா என்றால் சிவசங்கரன்தான். எண்பதுகளில் அங்கே படித்தவர். வெர்ஸ்தினோ என்ற அந்தக் குட்டி ரயில்வே ஊரில் தங்கியும் இருந்தவர்.

“வரலாறு சொல்லுங்க சார்.”

“ஜார் மன்னன் தண்டவாளம் போட்டான். ஸ்டேஷன் வந்தது. அதுக்கப்புறம்தான் ஊரே வந்தது. பித்தளைத் தகட்டுல பொறிச்சு வெச்சிருக்கான்யா!”

“தகடு எங்க சார் இருக்கு?”

“ஸ்டேஷன்ல.”

“சரி, பார்க்க வேண்டிய இடம்?”

“பழைய நீராவி எஞ்சின். மேடை கட்டி நிறுத்தியிருக்கான். பார்த்தா கண்ணு கலங்கிடும்.”

“அது எங்க?”

“ஸ்டேஷன் வாசல்ல. அப்புறம் தண்ணித் தொட்டிக் கோபுரம். என்ன கம்பீரம்!”

“அது…?”

“ஸ்டேஷனுக்குப் பின்னாடி.”

ராஜீவுக்குத் தலை சுற்றியது. “ஊருக்குள்ள சார்? கடைத்தெரு, சர்ச், ஹோட்டல்…”

“ஸ்டேஷன்தான்யா ஊரோட ஆத்மா! ஆத்மாவை விட்டுட்டு கடைத்தெருவுல என்னத்தைப் பார்க்கப் போறே?”

“நீங்க எங்க சார் தங்கினீங்க?”

“ஊருக்கு நட்ட நடுவுல,” என்று சொல்லிவிட்டு சிவசங்கரன் கை கழுவ எழுந்து போனார். குழாய் வெகுநேரம் ஓடியது.

தட்டுகளை எடுக்க வந்த அவர் மனைவி ஷியாமளாவை ராஜீவ் பரிதாபமாகப் பார்த்தான்.

“ஆன்ட்டி, ஒண்ணுமே புரியலை. வண்டி ஸ்டேஷனை விட்டே நகர மாட்டேங்குது. இப்படியே கொண்டுபோய்க் குடுத்தா முதலாளி என்னை கலாஸ் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவார். சார் அந்த ஊர்ல நிஜமாவே இருந்தாரா?”

“இருந்தார்ப்பா. ரயில்ல போறப்ப, சூடா உருளைக்கிழங்கு விக்கறாங்களேன்னு வாங்க இறங்கினார். ரயில் இவர் சாமானோட கிளம்பிப் போயிடுச்சு,” என்றாள் ஷியாமளா. “லுங்கியோட ஊருக்குள்ள விட மாட்டேன்னு சொல்லி, பேன்ட் திரும்பி வர்ற வரைக்கும் போலீஸ்காரன் இவரை வெயிட்டிங் ரூம்லயே உட்கார வெச்சுட்டான்.”