தகட்டுக்குப் பின்னால்

இரண்டாவது இழுப்பிலேயே மெஷின் கிளம்பிவிட்டது.

ஐலிக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. கராஜ் நடுவில் அப்படியே நின்றாள்.

செத்த மெஷின் என்றல்லவா வைனோ சொல்லியிருந்தான்! பனியை வாரி வீசுகிற அந்த மெஷினுக்குக் கார்புரேட்டர் போய்விட்டது, பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான் என்று குளிர்காலம் முழுக்க அதே பாட்டு.

அவன் சொன்னதை அவளும் நம்பினாள். ஜனவரியில் அந்தப் பெரிய பனி கொட்டிய காலையில் நடந்ததை அவளே காதால் கேட்டவள்தானே. அவள் புருஷன் உர்ஹோ மெஷினைக் கிளப்பினான். வாசல்வரை போனது. இரண்டு தடவை இருமியது, நீளமாக ஒரு மூச்சு வாங்கியது, நின்றுவிட்டது.

அப்புறம் ஷவலால் பனியை அள்ளும் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது விழுந்து கிடந்த உர்ஹோவின் தொப்பியில் பனி படிய ஆரம்பித்திருந்தது.

ஷவலைத் தொடவே கூடாது, இதயம் தாங்காது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது ஊருக்கே தெரியும். வைனோவுக்கு நன்றாகவே தெரியும். உர்ஹோவை ஆஸ்பத்திரியிலிருந்து காரில் கூட்டிவந்தவனே அவன்தான்.

பக்கத்து வீட்டுக்காரன். நல்லவன். அதற்குப்பின் ஏப்ரல்வரை விழுந்த பனியையெல்லாம் தன் மெஷினைக் கொண்டுவந்து ஒதுக்கினான். விறகு பிளந்து அடுக்கினான். வருகிற நடுக்கோடைத் திருநாளில் ஐலி அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். பாஸ்டரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது.

உர்ஹோவின் மெஷினை இரும்புக்குப் போட மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை. அதை விற்ற கடைக்குக் காலையில் போன் போட்டாள். "முதல்ல டேங்க்லேர்ந்து பெட்ரோல் எறங்குற குழாய்ல இருக்குற டேப் திறந்திருக்கான்னு பாருங்கம்மா" என்றார் கடைக்காரர். ஓடினால் கோடைக்கு எடுத்துவைக்கும் முறையையும் சொன்னார். டேப்பை மூடிவிட்டுத் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். இல்லையென்றால் மிச்சப் பெட்ரோல் உள்ளே பசையாகி அடைத்துக்கொள்ளும்.

அப்படி ஒரு டேப் இருப்பதே அவளுக்குத் தெரியாது. உர்ஹோவும் அதைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. வசந்தம் வந்தால் டேங்கை நிரப்புவான், பெட்ரோல் கெடாமலிருக்க மருந்து ஊற்றுவான், அவ்வளவுதான். மருந்தை அளந்து கொடுப்பதே அவள்தான்.

டார்ச் அடித்து, முழங்கால் நோகத் தரையில் கிடந்து தேடினாள். கடைசியில் டேங்குக்குக் கீழே, ஒரு தகட்டுக்குப் பின்னால், விரல் மட்டும் நுழைகிற இடத்தில் அகப்பட்டது.

மூடியிருந்தது.

எப்படியோ மூடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துத் திறந்துவிட்டாள். இழுத்தாள். கிளம்பிவிட்டது.

சத்தம் கேட்டு வைனோ கையில் காபிக் கோப்பையோடு வேலியோரமாக வந்தான். கராஜ் வாசலில் ஒரு கணம் நின்றான். பிறகு சிரித்தான்.

"அடேங்கப்பா! எங்களுக்கெல்லாம் செத்த பொணமாட்டம் கெடந்துச்சு, நீ தொட்டதும் எந்திரிச்சிடுச்சா? என்ன மாயம்டி பண்ணுனே?"

"கோடைக்கு எடுத்து வைக்கணும்" என்றாள் ஐலி.

"அதுக்கு நீ ஏன் கையை அழுக்காக்கிக்கறே? தள்ளு."

கோப்பையை மெஷின் மேலேயே வைத்தான். குனியவில்லை. டார்ச் கேட்கவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தபடியே இடது கையைத் தகட்டுக்குப் பின்னால் விட்டான், ஒரு திருகு திருகினான், கையை வெளியே எடுத்துவிட்டான்.

தன் வீட்டு விளக்கைப் போடுகிறவன் மாதிரி.

ஐலி அந்தக் கையையே பார்த்தாள்.

இந்த ஊரில் படகை இரவல் தருவார்கள், காரைத் தருவார்கள். பனி மெஷினை மட்டும் தரமாட்டார்கள். எப்போது கொட்டும் என்று யார் கண்டது? உர்ஹோ தன் மெஷினை வைனோ விரலால் தொடக்கூட விட்டதில்லை. வைனோவின் மெஷினும் வேறு மாதிரி. அதில் டேப்பே கிடையாது என்று அவனே சொல்லியிருக்கிறான்.

ஆனால் கராஜை யாரும் பூட்டுவதில்லை. எந்த வீட்டிலும் எதையும் பூட்டுவதில்லை.

மெஷின் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு இரண்டு தடவை இருமியது, நீளமாக ஒரு மூச்சு வாங்கியது, நின்றுவிட்டது.

அதே சத்தம். அட கடவுளே, அட்சரம் பிசகாமல் அதே சத்தம்.

"அவ்வளவுதான்" என்றான் வைனோ. "உள்ள சொட்டு இல்ல. இனி நவம்பர் வரைக்கும் நிம்மதியாத் தூங்கும்."

அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்ன, ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்ல. ஏலக்காய் ரொட்டி அடுப்புல இருக்கு, கருகிடும். எடுத்துட்டு வரேன்."

நடந்தாள். ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். முதுகில் அவன் பார்வை ஊர்வது தெரிந்தது.

அடுப்பில் ரொட்டி எதுவும் இல்லை.

சமையலறைக் கதவைச் சாத்தினாள். அதன் தாழ்ப்பாள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து போட்டதே இல்லை. துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு கையாலும் அழுத்தினாள். கிறீச்சென்று பெரிதாகச் சத்தம் போட்டுக்கொண்டு அது விழுந்தது.

படியில் காலடி கேட்டது. கைப்பிடி ஒரு தடவை திரும்பியது.

மறுபடி திரும்பவில்லை. "ஐலி" என்று அவன் கூப்பிடவும் இல்லை.

படியிலிருந்து அவன் இறங்கிப்போகிற சத்தம் கேட்கட்டும் என்று, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.