பதிந்துவைத்த வயது

ராஜபாளையத்தில் எங்கள் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்த 1990-ல், தொழிலாளர்களின் வயதைப் பிறந்த தேதியிலிருந்து வருஷாவருஷம் கணக்கிடாமல், ஒரே தடவை கணக்கிட்டுப் பதிந்துவைத்தேன். அந்த எண் ஏறவே இல்லை.

மூன்று வருஷம் கழித்து, ஸ்பின்னிங்கில் வேலைபார்த்த பிச்சையம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் வந்தார்.

"தம்பி, எனக்கு அம்பத்தெட்டு ஆயிட்டு. ரிட்டயர் ஆக்கி விட்ருங்க. நிக்க முடியல."

"கம்ப்யூட்டர்ல அம்பத்தஞ்சுதான் இருக்கு." நான் நிமிரவில்லை.

"அது சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

அந்த வாரமே மிஷின் பக்கத்தில் சரிந்து இறந்தார்.

மற்றவர்களின் வயதையெல்லாம் சத்தமில்லாமல் திருத்தினேன். அவருடையதைத் தொடக் கூசியது. மறுவருஷம் அது தானாக ஐம்பத்தாறு ஆனது. அடுத்த வருஷம் ஐம்பத்தேழு.

இன்று காலை ஐம்பத்தெட்டு. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நான் இன்னும் நிமிரவில்லை.