குறை சொல்லும் நேரம்

கொலை வழக்குகளுக்கு டிவி தொடர் நாடகமே தீர்ப்புச் சொல்லத் தொடங்கிய பிறகு கோர்ட் வாசலில் கூட்டமில்லை. அன்று ஓடியது சடையம்மாளின் மகன் இருளப்பன் வழக்கு. குவாரி மேஸ்திரியை அவன்தான் பாறை உச்சியிலிருந்து தள்ளினான் என்று நாடகத்தை முடித்துவிட்டார்கள். உண்மையில் மேஸ்திரி விழுந்த நேரத்தில் அவன் சடையம்மாளோடு சேர்ந்து லாரியில் ஜல்லி ஏற்றிக்கொண்டிருந்தான்.

"நடிச்ச பய நம்ம இருளப்பன் மாதிரியே முழிக்கிறான் மதினி. என்னால அழுகையை அடக்க முடியல," என்று பக்கத்து வீட்டுப் பேச்சி மூக்கைச் சிந்தினாள்.

"நீங்கள்லாம் அழுது அழுதுதான்டி அவனைக் கொலைகாரனா ஆக்குறீக," என்றாள் சடையம்மாள்.

நாடகம் முடிந்ததும் டிவி பார்ப்பவர்களிடமே பேசியது. "நிறை சொல்பவர்கள் தீர்ப்பை ஏற்கிறார்கள். குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறோம்."

"எம்மவன் அதைச் செய்யல சாமி."

"நடிப்பு, இசை, வேகம். இவற்றில் எது குறை?"

அவள் யோசித்தாள். வழக்கு இழுத்தால் ஆள் பிழைப்பான் என்பது குவாரிச் சனங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட நியாயம்.

"வேகந்தான் சாமி. ரொம்ப அவசரப்படுறீக. மெதுவாப் போங்க."

டிவி நன்றி சொன்னது. பேச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பய தப்பிச்சான் மதினி," என்றாள்.

மறுநாள் திருத்திய நாடகம் ஓடியது. அதிலும் அவன்தான் தள்ளினான். கையில் விலங்கு மாட்டுகிற இடத்தை மட்டும், அவன் விரல்கள் நடுங்குவது தெரிகிற அளவுக்கு மெதுவாகக் காட்டினார்கள். நாடு முழுக்க நிறை சொன்னது.