பிழை விளக்கு

பக்கவாதத்தால் பேச்சிழந்த இன்பவல்லியின் கழுத்தில் அணிவித்திருந்த கருவி, மூளையைப் போலவே அடுத்த சொல்லை முன்கூட்டி ஊகித்து, அவருடைய குரலில் பேசும். ஊகம் பிழையானால் மட்டும் சிவப்பு விளக்கு எரியும். கருவி உடனே தன்னைத் திருத்திக்கொள்ளும். கணவர் கதிரேசன் எதைக் கேட்டாலும், இந்த ஓராண்டில் அந்த விளக்கு ஒருமுறைகூட எரிந்ததில்லை.

“எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிக்கலைப்பா,” என்று மகள் கோமளா அழுதாள்.

“உங்கம்மா வேண்டாம்னு சொல்லட்டும், விட்டுடறேன். என்ன வல்லி, தட்டு மாத்திக்கலாமில்ல?”

“சரிங்…” என்று தொடங்கியது கருவி. இன்பவல்லி தம் உயிரையெல்லாம் திரட்டி மனத்துக்குள் மறுத்தார். குரல் பாதியில் நின்றது, விளக்கு சிவந்தது.

“மிஷின் கெட்டுப்போச்சு போல.” கதிரேசன் அதைத் தட்டிவிட்டு மறுபடியும் கேட்டார்.

இம்முறை கருவி சற்றும் தயங்கவில்லை.

“வேண்டாங்க.”

விளக்கு எரியவில்லை.