மூன்று வண்டிகள், ஒரு செங்கல்

மச்சான் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

"பக்கெட் பல்லு தொடணும், கல்லு விழக்கூடாது. எங்கே, உன் வித்தையைக் காட்டு மாப்பிள்ளை."

பழைய வண்டிகள் விற்கும் யார்டு. முன்னால் மண் அள்ளும் வாளி, பின்னால் தோண்டும் கை, அதன் நுனியில் பல் வைத்த பக்கெட். அப்படி மூன்று வண்டிகளை மச்சான் பார்த்து வைத்திருந்தார். மூன்றும் மூன்று கம்பெனி.

மச்சான் என் மனைவியின் அண்ணன். வாங்குவது அவர், ஓட்டப்போவது நான். எங்கள் பழைய வண்டி இன்ஜின் உடைந்து படுத்துவிட்டது.

என் வலது கை நடுங்குகிறது. கொஞ்ச காலமாக.

டாக்டர் ஒரு பெயர் சொன்னார், மாத்திரை எழுதினார், கூடுமே தவிரக் குறையாது என்றார். வீட்டில் சொல்லவில்லை. டீயை இடது கையில் குடிக்கிறேன். பட்டன் வைத்த சட்டையை விட்டுவிட்டேன். தெரிந்தால் யாரும் என்னை இந்த சீட்டில் உட்கார விடமாட்டார்கள். வேறு வேலை எனக்குத் தெரியாது.

நான் தோண்டும்போது குழிக்குள் ஓர் ஆள் நின்று ஆழம் சொல்வார். அவர் தலைக்கு மேலேதான் என் பக்கெட் போய் வரும். பெரும்பாலும் அந்த ஆள் மச்சான்.

எல்லாம் தெரிந்துதான் வந்திருந்தேன்.

முதல் வண்டியில் ஏறி சீட்டைப் பின்பக்கம் திருப்பினேன். கைக்கு அடக்கமாக ஒரு குட்டிக் கைப்பிடி, ஜாய்ஸ்டிக். விரல் நினைத்தாலே பக்கெட் நகர்ந்தது.

"வெண்ணெய் மாதிரி இருக்கும் சார்" என்றார் யார்டுக்காரர்.

வெண்ணெய்தான். என் நடுக்கம் ஒரு சொட்டுச் சிந்தாமல் பக்கெட் பல்லுக்குப் போய்ச் சேர்ந்தது.

செங்கல் விழுந்தது.

"ஹைட்ராலிக் துடிக்குது மச்சான். பம்ப் போச்சு."

"புது பம்ப் சார் அது!" யார்டுக்காரர் தலையில் கை வைத்தார்.

மச்சான் குனிந்து கல்லை எடுத்து, தூசியைத் தட்டி, அடுத்த வண்டியின் பின்னால் நிறுத்தினார்.

இரண்டாவது வண்டியில் ஏசி. மெத்தை வைத்த சீட். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

"எங்க மாமியார் வீட்டுலகூட இவ்வளவு மரியாதை கிடைச்சதில்ல மச்சான்."

"கிடைச்ச மரியாதைக்கே நீ ஒழுங்கா இல்ல. வேலையைப் பாரு."

இதிலும் ஜாய்ஸ்டிக். இந்தத் தடவை செங்கல் விழுந்து இரண்டு துண்டானது. கைப்பிடி எனக்குச் சரிப்படவில்லை என்றேன். இந்தக் கம்பெனிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது என்றேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

மச்சான் இரண்டு வண்டிக்கும் வக்கீலாகிவிட்டார். ஒன்று டீசல் கம்மியாகக் குடிக்குமாம். இன்னொன்றைச் சேற்றில் இறக்கினாலும் ஏறி வந்துவிடுமாம். வழக்கமாக அவர் இவ்வளவு பேசமாட்டார்.

"அந்தக் கிழட்டு வண்டியையும் பாத்துருவோமே" என்றேன், போகிற போக்கில் சொல்வதுபோல.

"அதுலயா? கதவையே கயித்தால கட்டி வச்சிருக்கான்."

"ஏறிப் பாக்க காசா கேக்கப் போறாங்க?"

மச்சான் உதட்டைப் பிதுக்கினார். ஆனால் புதுச் செங்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு எனக்கு முன்பே நடந்தார்.

மூன்றாவதில் லீவர்கள். தரையிலிருந்து முளைத்த இரும்புக் கம்பிகள். யார் யாரோ பிடித்துப் பிடித்து நுனி உருண்டைகள் மழுங்கிப் போயிருந்தன. தள்ளினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வண்டி கேட்டது. முதல் அரை அங்குலத்துக்கு எதுவுமே நடக்கவில்லை.

என் நடுக்கம் அந்த அரை அங்குலத்துக்குள்ளேயே செத்துப்போனது.

பக்கெட் இறங்கியது. பல் செங்கல்லின் தலையைத் தொட்டது.

கல் நின்றது.

பக்கெட்டை மேலே தூக்கினேன். அப்போதும் நின்றது.

இறங்கி வந்து கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

"இதுதான் மச்சான் வண்டி. அந்த ரெண்டும் பொம்மை. நாலு நாள் வேலை வாங்கினா நட்டு கழண்டுரும். இது நம்ம காலத்துக்கும் உழைக்கும்."

நானே நம்பிவிடும் அளவுக்குப் பேசினேன். அவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் பதிலை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

மச்சான் எதையும் கேட்கவில்லை.

"ஓட்டப்போறவன் நீ. நீ சொன்னா சரி."

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். அவரை ஏமாற்றியதில் எனக்குப் பெரிய வருத்தமெல்லாம் இல்லை. சோறு முக்கியம்.

யார்டுக்காரர்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மச்சானிடம் கேட்டார்.

"இதே வண்டிக்குத்தான் நேத்தே வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிட்டீங்களே சார். அப்புறம் எதுக்கு இன்னிக்கு இந்தக் கூத்து? என் செங்கல்லு உடைஞ்சதுதான் மிச்சம்."

மச்சான் என் பக்கம் திரும்பவில்லை. பின் டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்தார். காற்று சரியாக இருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தார்.

"உளறாதீங்க. அது வேற லீவர் வண்டி."

நான் யார்டை ஒரு சுற்றுப் பார்த்தேன்.

லீவர் வைத்த வண்டி அங்கே அது ஒன்றுதான்.