அல்சீடின் கோப்பை

மிசிசிப்பி ஆற்றில் படகிலிருந்து விழுந்த என் மச்சான் அல்சீடின் உடல் கிடைக்கவில்லை. அவன் வருவான் என்று என் மனைவி ஓடெட் வாசல் கதவைப் பூட்டுவதே இல்லை.

ஞாயிறு காலை அப்சிந்த்தை க்ரீமும் முட்டை வெள்ளையும் சேர்த்துக் குலுக்கிக் குடிப்பது எங்கள் நியூ ஆர்லியன்ஸ் வழக்கம். அன்று ஓடெட் மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தாள். மூன்றிலும் முதலில் அப்சிந்த்தை மட்டும் அளந்து ஊற்றினேன். தண்ணீர் பட்டால்தான் அந்தப் பச்சைச் சாராயம் வெளுக்கும். அல்சீடின் கோப்பை மட்டும் வெளுத்தது.

"யோவ், காலையிலேயே ஏத்திட்டியா? அவனோடதுல தண்ணிய ஊத்தி வச்சிருக்க!"

"நான் குழாயவே தொறக்கலடி."

முகர்ந்தேன். ஆற்றுச் சேற்று வாடை அடித்தது. கோப்பையின் அடியில் மணல் படிந்திருந்தது.

ஓடெட் எழுந்து போய்க் கதவைப் பூட்டினாள்.

"ஏன்டி பூட்டுற?"

"அதான் வந்துட்டானே. க்ரீம ஊத்து."