கீழே விழும் கதாநாயகி

செங்கல்பட்டுத் தியேட்டரில் மதியக் காட்சி. திரையில் மாமல்லபுரத்துக் கடல் பளபளக்கிறது. உளவாளிகளான காதலனும் காதலியும் ஒரே கயிற்றைப் பிடித்தபடி, செல்லச் சண்டை போட்டுக்கொண்டே விடுதி மாடியிலிருந்து இறங்குகிறார்கள். காதலனின் கைக்குக் கீழே கயிறு அறுகிறது. மஞ்சள் புடவை காற்றில் விரிய, கதாநாயகி மீன்கூடைகளின் மேல் மல்லாக்க விழுகிறாள். அந்தப் புடவைக்குள் இருப்பது, இங்கே ஓரச் சீட்டில் உட்கார்ந்திருக்கும் எட்டியப்பன். மீசையை மழித்து, சவுரி வைத்து, அவளுக்கு டூப் போட்டவன். கயிறு அறுவது கதையில் இல்லை. கூடைகளுக்கு அடியில் மெத்தை இருந்தது. அவன் விழுந்தது மெத்தை எட்டாத ஓரக் கூடைகளின் மேல்; அவற்றுக்கு அடியில் பாறை. இடுப்பெலும்பு நொறுங்கியது. டைரக்டருக்கு அந்த ஷாட் ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

அரங்கமே உருண்டு சிரிக்கிறது. விசில் பறக்கிறது. பக்கத்தில் அவன் மனைவி ரேணுகாவின் பிடியில் பாப்கார்ன் பொட்டலம் நசுங்குகிறது.

“அம்மானு கத்துனேன்னியே மாமா, அது எங்க?”

“அந்த எடத்துலதான் டொய்ங்னு ஒரு சவுண்டு வுட்டுக்கிறானுங்க.”

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவன் பார்க்கிறான். சிரித்துச் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்தபடி வெளியே போகிற ஒருவர், நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊன்றுகோலில் கால் இடறி நிற்கிறார்.

“அண்ணாத்த, இந்தக் கட்டைய உள்ள இழு. யார்னா வுழுந்து கை கால ஒடச்சிக்கப் போறாங்க.”